தேதிக்குப் பின் வரும் சொல்

2025 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று பத்து. திருவனந்தபுரத்தில் மழை நின்றிருந்தது. வெயில் இன்னும் வந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் நான் அலுவலகக் கேன்டீனில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தேன். அது நன்றாக இருந்தது. நேந்திரம்பழம் பழுத்திருந்தது, மாவு தடிப்பாக இல்லை, எண்ணெய் பழையதில்லை. ஒரு பழம்பொரியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை என்பது என் கருத்து. எதிரே உட்கார்ந்திருந்த என் மேலாளர் ஜிஷா அதே தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்து, "அமேசிங்" என்றார். பிறகு டீயைக் குடித்து அதையும் "அமேசிங்" என்றார். அது சர்க்கரை போட மறந்த டீ.

அதே வேளையில், எங்களுக்கு இரண்டு மாடி மேலே, பொன்செல்வி என்ற பெண் தொலைபேசியில் ஒரு சொல்லைச் சொன்னாள். அந்த ஒரு சொல்லால் அவள் வேலை ஊசலாடத் தொடங்கியது. அதில் எனக்கு இருந்த பங்கை முறையாகச் சொல்லிவிட விரும்புகிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவ்வளவு ஒழுங்காகச் சொல்லியிருக்க முடியாது.

என் பெயர் நாகேஸ்வரன். வலியசாலையில் குடியிருக்கிறேன். நெடுங்காலம் ஒரு டுடோரியல் கல்லூரியில் ஆங்கில இலக்கணம் கற்பித்தேன். அதை மூடிய பிறகு கழக்கூட்டத்தில் இந்த நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வரவேண்டிய தொலைபேசி அழைப்புகள் எங்கள் கட்டடத்துக்கு வருகின்றன. இளைஞர்கள் பேசுகிறார்கள். அவர்கள் பேசியதன் பதிவுகளை நான் கேட்டு மதிப்பெண் இடுகிறேன். கேட்பதும் குறைப்பதுமே என் தொழில்.

அந்தத் தளத்தில் பேச்சு எப்படி நடக்கும் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அழைப்பவர் ஒரு விவரத்தைச் சொல்கிறார். அதைக் கணினியில் ஏற்ற வேண்டும். கணினி மெதுவானது, அடுத்த கட்டம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் தொலைபேசியில் மௌனம் கூடாது என்பது விதி. ஆகவே அந்த இடைவெளியை ஒரு பாராட்டால் அடைப்பார்கள். பெயரைச் சொன்னால் ஆஸம். பிறந்த தேதியைச் சொன்னால் பெர்ஃபெக்ட். தெருவின் பெயருக்கு அமேசிங். ஒருவர் தம் வீட்டு எண் பதினேழு என்று சொன்னதற்கு "ஃபென்டாஸ்டிக்" என்று பதில் கிடைத்ததை என் காதால் கேட்டிருக்கிறேன். பதினேழில் அப்படி என்ன இருக்கிறது என்று அவரும் சற்று யோசித்திருப்பார்.

நாள் முழுவதும் இதைக் கேட்கிறவன் என்ன ஆவான் என்பதை யாரும் ஆராய்ந்ததில்லை. நான் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி ஜிஷாவுக்கு அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் கொடுக்கப்படும் பாராட்டு எதற்கும் கொடுக்கப்படுவதில்லை. இச்சொற்கள் கேட்பவரையும் கேளாதவராக்கும், சொல்பவரையும் கேளாதவராக்கும். என்றாவது ஒருநாள் தகாத இடத்தில் வாயிலிருந்து விழும். ஆகவே இவற்றை நீக்கி, "நன்றி" என்ற ஒரே சொல்லை வைக்கலாம். இதுதான் சாரம்.

மறுநிமிடமே பதில் வந்தது. "ஆஸம் நோட், ஸார்." பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

பிறகு ஜிஷா என் மேசைக்கே வந்தார். நல்ல பெண்மணி. யாரையும் நோகச் செய்யத் தெரியாதவர். "ஸாரே, நோட் அடிபொளி. பக்ஷே கிளையன்டுக்கு இதுதான் இஷ்டம். ஸாரும் கொஞ்சம் பாசிட்டிவ் ஆகணும், கேட்டோ?"

அந்த வாரமே மதிப்பெண் முறையில் "ஊக்கச் சொல்" என்று ஒரு புதிய இனம் சேர்ந்தது. அச்சொற்களைச் சொல்லாதவர்களுக்கு மதிப்பெண் குறைக்க வேண்டும். குறைக்க வேண்டியவன் நான். என் குறிப்பு இந்த யோசனையைத் தூண்டியதற்காகக் கூட்டத்தில் எனக்குக் கைதட்டினார்கள். நான் எழுந்து நின்று ஏற்றுக்கொண்டேன். உட்கார்ந்திருப்பது முறையாக இருந்திராது.

ஒரு கூற்றை மெய்ப்பிக்க இரண்டு வழிகள் உண்டு: வாதம், சோதனை. வாதத்துக்குக் கட்டைவிரல் கிடைத்துவிட்டது.

பொன்செல்வி அப்போது வாகனக் காப்பீட்டு மேசையில் இருந்தாள். வயது இருபத்து மூன்று. பெற்றோர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தாய் பேச்சி, பழவங்காடியில் ஒரு ஹோட்டலின் அடுக்களையில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவர். மகள் அந்த ஹோட்டலின் பின்கட்டில் வளர்ந்து, மலையாளப் பள்ளியில் படித்து, ஆங்கிலத்தைத் தானாகப் பிடித்துக்கொண்டவள். தகுதிகாண் காலம் செப்டம்பரில் முடியவிருந்தது. "நெரந்தரம் ஆயிட்டா அம்மாவ அடுப்படியில இருந்து எறக்கிருவேன் சார். வேக்காட்டுல நின்னு நின்னு கைமுட்டும் கருத்துப்போச்சு அவளுக்கு" என்று ஒருமுறை சொன்னாள். நான் கேட்காமலேயே சொன்னாள்; அவள் சுபாவம் அப்படி.

அந்தத் தளத்தில் இருந்தவர்களில் யார் எதைச் சொன்னாலும் "தேங்க் யூ" என்று மட்டும் சொன்னவள் அவள் ஒருத்திதான். அதையும் அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள். எதிர்முனையில் இருப்பவர் வண்டி மோதியதைச் சொன்னால் அந்த "தேங்க் யூ" தாழ்ந்து வரும். குழந்தையின் பெயரைச் சேர்க்கச் சொன்னால் சற்று நிமிர்ந்து வரும். சரியான சொல்லைச் சரியான இடத்தில் வைக்க அவளுக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை.

ஆகவே அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

இதற்குக் காரணம் உண்டு. கவனமற்ற ஒருவன் தவறினால் குற்றம் அவன்மேல் விழும், சொல் தப்பித்துக்கொள்ளும். கவனமுள்ள ஒருத்தி தவறினால்தான் குற்றம் சொல்லின்மேல் நிற்கும். சோதனைக்குத் தூய பொருள் வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து வேதியியல்.

முதலில் அவள் மதிப்பெண்ணைக் குறைத்தேன். விதிப்படி. அவள் என் மேசைக்கு வந்தாள்.

"சார், நான் என்ன தப்பாப் பேசிட்டேன்? தேங்க் யூன்னுதானே சொன்னேன்."

"தப்பில்லை. ஊக்கச் சொல் இல்லை."

"அவங்க வண்டி நம்பரச் சொல்லுதாங்க. அதுக்குப் போயி ஆஸம்னு எப்படி சார் சொல்ல? சிரிப்பு வருது. எங்க அம்மா கேட்டா, ஏட்டி, நம்பருக்கா இம்புட்டு சந்தோசம்னு கேப்பா."

"பழகினால் சிரிப்பு வராது" என்றேன். "நான் பழக்குகிறேன்."

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்கேகோட்டையிலிருந்து அலுவலகப் பேருந்து புறப்படும். ஆஸ்திரேலியாவில் பொழுது முந்தி விடிவதால் நாங்களும் முந்தி எழுகிறோம். பேருந்தில் அவளை என் பக்கத்து இருக்கைக்கு வரச் சொன்னேன். பாளையம் தாண்டியதும் தொடங்கி ஸ்ரீகாரியம் வரை பயிற்சி. பெயர், தெரு, வண்டி எண் எதுவும் இல்லை. தேதிகள் மட்டும். நான் ஆங்கிலத்தில் ஒரு தேதியைச் சொல்வேன். அவள் "ஆஸம்" என்பாள். நான் அடுத்த தேதியைச் சொல்வேன்.

தொடக்கத்தில் தேதிக்கும் சொல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. மிகச் சிறியது. அந்த இடைவெளியில்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில்தான் "தேங்க் யூ" இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும். சொல் உடனே வந்த ஒவ்வொரு முறையும் தலையசைத்தேன். நான் தலையசைப்பது அரிது என்பதை அந்தத் தளமே அறியும். நான் தலையசைத்த நாட்களில் பொன்செல்வி நாள் முழுவதும் முகம் மலர்ந்து இருந்ததாக ஜிஷா என்னிடம் சொன்னார்.

பின்இருக்கையில் சிபி என்ற இளைஞன் உட்காருவான். பாதித் தூக்கத்திலிருந்து ஒருநாள் தலையை நீட்டினான்.

"எந்தா ஸாரே, தினம் தினம் தேதி? பொன்னுக்குக் கல்யாண முகூர்த்தம் பாக்குறதா?"

"எல்லாத் தேதியும் ஆஸமாத்தான் இருக்கு. மாப்பிள்ளதான் ஒருத்தனும் அமைய மாட்டேங்கான்" என்றாள் அவள்.

பேருந்தே சிரித்தது. நான் அடுத்த தேதியைச் சொன்னேன். சிரிப்பின் நடுவிலும் சொல் உடனே வந்தது. பயிற்சி முற்றிவிட்டது என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

எங்கள் தளத்தின் கோடியில், கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே, ஒரு தனி மேசை உண்டு. ஆயுள் காப்பீடு எடுத்தவர் இறந்துபோனால் குடும்பத்தார் அழைப்பது அங்கேதான். ஜூலை தொடக்கத்தில் அங்கே ஒரு பெண் பிரசவ விடுப்பில் போனாள். யாரை அனுப்பலாம் என்று ஜிஷா கேட்டார். "பொன்செல்வி" என்றேன். "அவள் குரல் இதமானது." இது உண்மை. ஜிஷா மகிழ்ந்தார். நான் ஒருவரைப் பரிந்துரைத்தது அதுவே முதல்முறை.

அந்த மேசையில் அழைப்பவரிடம் முதலில் கேட்கவேண்டிய விவரம் இறந்த தேதி.

அங்கே ஊக்கச் சொல் கூடாது என்று விதி இருக்கிறது. நிறுவனத்துக்கு அவ்வளவு அறிவு உண்டு. புதிதாக வருபவருக்கு அந்த விதியை எடுத்துச் சொல்வது என் கடமை. நான் சொன்னேன். மெதுவாக, இருமுறை, ஜிஷாவை வைத்துக்கொண்டு சொன்னேன். "சரி சார். அங்க ஆஸம் இல்ல. செத்த வீட்டுல போய் யாராவது சொல்லுவாங்களா?" என்றாள் பொன்செல்வி. அவள் விதியை அறியாமல் மீறினால் என் கூற்று மெய்ப்படாது. அறிந்திருந்தும் மீறவேண்டும். ஆகவே விதியைத் தெளிவாகக் கற்பித்தேன்.

பேருந்துப் பயிற்சியை மட்டும் நிறுத்தவில்லை.

"இனி எதுக்கு சார் இது?" என்று கேட்டாள்.

"அந்தப் பெண் திரும்பி வந்ததும் நீ பழைய மேசைக்குப் போவாய். பழக்கம் விட்டுவிடக் கூடாது."

"எனக்காக இம்புட்டு மெனக்கெடுதீங்க" என்றாள். நான் அடுத்த தேதியைச் சொன்னேன்.

முதல் நாள் அவள் தப்பினாள். விழிப்பாக இருந்தாள். இரண்டாம் நாள்தான் நான் தொடக்கத்தில் சொன்ன செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து நான்கு அழைப்புகளைக் குறையின்றி முடித்திருந்தாள். ஐந்தாவதை எடுத்தபோது நான் கேன்டீனில் இருந்தேன். தளத்தில் இருந்தால் என் முகம் அவள் கண்ணில் படும். அவள் நிதானித்துவிடக்கூடும் என்று கருதினேன்.

பதிவைப் பிற்பகல் கேட்டேன். வயதான ஓர் அம்மாள். ஆங்கிலம் தெளிவாக இருந்தது. கணவர் இறந்த செய்தியைச் சொல்லி, பொன்செல்வி கேட்டதும் தேதியைச் சொன்னார். கடைசி எழுத்து அவர் வாயிலிருந்து முடிவதற்குள் சொல் வந்துவிட்டது.

"ஆஸம்."

அதன் பிறகு ஒரு மௌனம். நான் கேட்ட பதிவுகளில் அவ்வளவு நீண்ட மௌனம் வேறில்லை. பிறகு பொன்செல்வி மூச்சை உள்ளே இழுக்கும் ஒலி. ஸாரி, ஸாரி, ஸாரி என்று பலமுறை. அந்த அம்மாள் கோபிக்கவில்லை. தம்மிடம் ஏதோ விளக்கம் கேட்கப்பட்டதாக எண்ணினார் போலும். அவர் சமையலறையில் விழுந்தார், நான் தோட்டத்தில் இருந்தேன், எனக்குக் கேட்கவில்லை என்று மெல்லச் சொன்னார். இணைப்பு அத்துடன் அறுந்தது.

அந்த அம்மாளின் துக்கத்தை நான் உண்டாக்கவில்லை. அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

அவருடைய மகள் புகார் கொடுத்தாள். பெங்களூருத் தலைமை அலுவலகத்திலிருந்து வெங்கிடேஷ் என்ற அதிகாரி விசாரிக்க வந்தார். அதற்கு முன் ஜிஷா என்னைத் தனியே பிடித்தார். கண் சிவந்திருந்தது.

"பாவம் அந்தக் குட்டி, ஸாரே. ரெண்டு நாளாச் சோறு திங்கல. அவளோட அம்மை கீழ கேட்டுல வந்து நிக்குது, யார்கிட்டப் பேசணும்னுகூட அதுக்குத் தெரியல. ஸாரு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"கேட்டால் உள்ளதைச் சொல்வேன்" என்றேன்.

சொன்னேன். வெங்கிடேஷ் கேட்டார்: இந்த விதி அவளுக்குச் சொல்லப்பட்டதா? சொல்லப்பட்டது, இருமுறை. அவள் ஏற்றுக்கொண்டாளா? ஏற்றுக்கொண்டாள். அந்த மேசையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்த யாராவது அவளைப் பழக்கினார்களா? அந்த மேசையில் யாரும் பழக்கவில்லை என்றேன். பயிற்சி நடந்தது பேருந்தில். மூன்று பதில்களிலும் பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் பொய் சொன்னதில்லை; அதற்குத் தேவைப்பட்டதில்லை.

பொன்செல்வியை அடுத்து அழைத்தார்கள். நானும் அறையில் இருந்தேன். பேருந்தைப் பற்றி அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொன்னாள்.

"நாகேஸ்வரன் சார் எல்லாம் சொல்லித் தந்தாங்க சார். நாந்தான் கோட்ட விட்டுட்டேன். விடியக்காலம் பஸ்ஸுல கூட தூங்காம எனக்குப் பாடம் எடுத்தாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

வெங்கிடேஷ் என்னைப் பார்த்தார். "சொந்த நேரத்துலயா ஸார்?" என்றார். "யூ ஆர் அமேசிங்."

அந்தச் சொற்களில் ஒன்று என்னை நோக்கிச் சொல்லப்பட்டது அதுவே முதல்முறை. அதற்குப் பொருள் இல்லை என்பதை அந்த அறையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. எனினும் அன்று மாலை வீட்டில் என் மனைவி சாவித்ரியிடம் அதைச் சொன்னேன். ஒரு தகவலாகத்தான் சொன்னேன்.

"யாரைச் சொன்னான்? ஒங்களையா?" என்றாள் அவள். "நன்னாக் கேட்டேளா?"

என் கூற்று மெய்ப்பட்டுவிட்டது. பதிவை இணைத்து என் குறிப்பை மறுபடி அனுப்பினேன். இம்முறை கட்டைவிரல் வரவில்லை; சுற்றறிக்கை வந்தது. இனி எந்த மேசையிலும் "ஆஸம்" என்ற சொல் கூடாது. அதற்குப் பதிலாக "வண்டர்ஃபுல்" என்று சொல்லவேண்டும்.

ஆகஸ்ட் எட்டு, வெள்ளிக்கிழமை. அன்று வரலட்சுமி நோன்பு. சாவித்ரி விடியுமுன் எழுந்து கொழுக்கட்டை செய்து, நைவேத்தியம் முடித்து, நான் கிளம்புமுன் ஒன்றைக் கையில் கொடுத்து முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேக்காடு சரி" என்றேன்.

"ஏன்னா, நன்னா இருக்குன்னு சொல்லிட்டா நாக்கு ஒட்டிக்குமா? நோன்பும் அதுவுமா?"

மழை பெய்துகொண்டிருந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. விசாரணை முடியும்வரை பொன்செல்வியை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள்.

முடிவு முந்தின நாளே பெங்களூரில் கையெழுத்தாகி வந்திருந்தது. பத்து மணிக்கு ஜிஷா அந்த உறையை என் மேசையில் வைத்தார். "என்னால முடியாது, ஸாரே. ஸாரு கொடுத்திருங்க. ஸார்னா அவளுக்கு மரியாதை உண்டு." அவர் போய்க் கழிவறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிறிய கூட்ட அறையில் பொன்செல்வி உட்கார்ந்திருந்தாள். மழையில் வந்ததால் தோளில் ஈரம். உறையைக் கொடுத்தேன். அவள் பிரித்துப் படித்தாள். ஒரு பக்கம்தான். கடைசி வரியில் அவளது சேவைக்கு நன்றி கூறி, அவளுடைய எதிர்காலம் அமேசிங்காக அமைய வாழ்த்தியிருந்தார்கள். படித்து முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தாள்.

"வேற மேசையில போட முடியாதா சார்? சும்மா டைப் அடிக்கிற வேலைன்னாலும் சரி."

"முடிவு எடுத்தாயிற்று."

"அம்மாட்ட என்ன சார் சொல்ல? அவ ஹோட்டல்ல சொல்லிட்டா. ஓணத்தோட நின்னுக்கிடுதேன்னு சொல்லிட்டா."

அந்தக் கேள்வி என் பொறுப்பில் வருவது அல்ல. பெற்றுக்கொண்டதற்கான நகலையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினேன். கையெழுத்தும், அதன் கீழே தேதியும் வேண்டும்.

அவள் கையெழுத்திட்டாள். பிறகு தேதியை எழுதினாள். பேருந்தில் என்னிடமிருந்து கேட்டுக் கேட்டுப் பழகியது போல, எழுதும்போதே ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தாள்.

"எய்ட்த் ஆகஸ்ட், ட்வென்டி ட்வென்டி ஃபைவ்."

"ஆஸம்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் ஒருமுறை மூச்செடுத்தாள். அவளிடமிருந்து நான் எடுத்துவிட்டதாக எண்ணியிருந்த அந்தச் சிறிய இடைவெளி அங்கே இருந்தது.

"தேங்க் யூ, சார்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, நகலை என் கையில் கொடுத்தாள்.

நான் சொன்னது பழக்கத்தில் வந்த சொல் அல்ல என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். கையெழுத்து கோட்டின்மேல் நேராக நின்றது. தேதியில் பிழை இல்லை. பார்த்துவிட்டு, யோசித்துத்தான் சொன்னேன்.